சாம்பல் நிறக் கோட்டு

இரவு பதினொன்றரை. போர்ட் கிள்ளானில் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலை. பகலில் கன்டெய்னர் லோரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற சாலைதான். இரவில் அதில் நாய்கூடப் படுக்காது. மழை விட்டிருந்தது... ஆனால் தகரக் கூரைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. செம்பனை எண்ணெய்த் தொட்டிகளின் கனத்த வாசம். கடல் பக்கமிருந்து சேற்று நாற்றம். அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் மேல் ஜீவன்.

கிட்ட வந்து உட்காருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கக் கரண்டு இல்லை, லிப்டும் ஓடாது, இந்த எட்டாம் மாடியிலிருந்து யாரும் எங்கேயும் போகப் போவதில்லை. அந்தக் கைப்பேசி விளக்கை மட்டும் தரைப்பக்கம் திருப்புங்கள்... போதும்.

ஜீவன் என் நண்பன் ரமணியின் தங்கை வீட்டுக்காரன். சுங்கை வேயில் இருக்கிறான். கணினி பழுது பார்ப்பது தொழில். அப்படிச் சொன்னால் கோபம் வரும். சிஸ்டம்ஸ் கன்சல்டன்ட் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு ஒரு மதம் உண்டு. லினக்ஸ். விண்டோஸ் வைத்திருப்பவர்களைச் சைவர் மீன்கடையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருவதற்குள் லினக்ஸின் பெருமையைப் பாதி சொல்லி முடித்திருப்பான். மீதியை மோருக்குச் சொல்வான். "பேய் பிசாசுன்னு ஒண்ணும் இல்ல மச்சான். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். வாசிச்சா காரணம் தெரிஞ்சிரும்." இதுதான் அவன் வேதம்.

அன்று காலையில் அவன் மாமனார் நாகையா இறந்துபோனார். துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். மறுநாள் காலை எடுக்க வேண்டும். அதற்கு முன் தலைமாட்டில் படம் வைத்து விளக்கேற்ற வேண்டும். நாகையாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. யாராவது கேமராவைத் தூக்கினால் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உருப்படியான படம் ஒன்றே ஒன்று இருந்தது. நீலச் சட்டை, மேல் பொத்தான் போடவில்லை, நேராகப் பார்க்கிறார். அதுவும் சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அஞ்சலிப் படம் போடும் கடைக்காரர் ஸ்கேன் செய்துவிட்டு உரித்துப் பார்த்தார். கிழிந்துவிட்டது. அடையாள அட்டையில் இருந்ததோ தபால்தலை அளவு, தேய்ந்துபோனது. ஆகவே நாகையாவின் முகம் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கடைக்காரரின் கணினியில்.

கடைக்காரர் என்று நான் சொன்னது டத்தோ கமலநாதன் காதில் விழக்கூடாது. அவர் நினைவு வடிவமைப்பாளர். டத்தோ பட்டம் எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் உடனே எல்லாருக்கும் தே தாரேக் டீ வரவழைப்பார். மத்தியான வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார்.

அவர் தொழிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருந்தவரைக்கும் பனியனோடு திரிந்த மனுஷர், இறந்த மறுநாள் கோட்டும் டையுமாகப் பத்திரிகையில் வருவார். தலையை மட்டும் வெட்டி எடுத்து, தயாராக வைத்திருக்கும் ஒரு கோட்டின் கழுத்தில் பொருத்திவிடுவார்கள். கிள்ளான் வட்டாரத்தில் இந்தத் திருப்பணிக்கு டத்தோதான். அவர் கணினியில் இருந்தது ஒரே கோட்டு. சாம்பல் நிறம், சிவப்பு டை, மேல் பையில் மடித்த கைக்குட்டை. வங்கி மேலாளர், கோயில் தலைவர், பால்காரர், சாராயக் கடை முதலாளி, எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்கள். அஞ்சலிப் பக்கத்தை விரித்தால், ஒரே ஆள் தலையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

நாகையாவின் மனைவி ரோகிணி, "முகம் தெளிவா வந்தா போதும்" என்றுதான் சொன்னார். மகன் ரமணிக்குப் போதவில்லை. ஒன்றுவிட்ட சொந்தமெல்லாம் பார்க்கிற படம். "அப்பாவுக்கும் கோட்டு மாட்டிருங்க டத்தோ" என்று சொல்லிவிட்டு வந்தான்.

டத்தோவின் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் ஜீவன்தான். அன்று சாயங்காலம் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. திரும்பத் தொடங்கியபோது திரை கறுப்பு. டத்தோ போன் செய்தார்.

"தம்பி, உங்க மாமாவுக்கும் உங்க லினக்ஸுக்கும் ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு லா. காலைல படம் வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்குங்க."

சாவு வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். பந்தியில் கேட்டவர்கள் அல்லவா. ரோகிணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அவரு முகம் அதுக்குள்ள இருக்கு. எப்படியாச்சும் கொண்டாந்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அதற்காகத்தான் அந்தச் சாலை.

பட்டறை ஒரு கிடங்கின் கடைசி அறை. டத்தோ ஷட்டரைத் தூக்கிவிட்டார். உள்ளே வியர்க்கிறது என்று சொல்லித் தன் காருக்குத் திரும்பி, ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜீவன் மட்டும் உள்ளே போனான். மை வாசம். புது பிளாஸ்டிக் வாசம். மூலையில் பேனர் அச்சடிக்கும் பெரிய இயந்திரம் அணைந்து கிடந்தது. சுவரில் மாதிரிக்கு மாட்டிய படங்கள். எல்லாரும் இறந்தவர்கள். எல்லாரும் அதே கோட்டு. நீளமான மேசையின் இடது கோடியில், வாசல் பக்கமாக, கணினித் திரை. அதற்கு வலப்பக்கம் மேசை காலி. அங்கே சக்கரம் வைத்த ஒரு நாற்காலி... சும்மா.

கறுப்புத் திரையைப் பார்த்து ஜீவன் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டான். லினக்ஸின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று உண்டு. புதிதாக வந்த கெர்னலுக்கும் இந்தக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து மறுபடி தொடங்கினான். முதல் தடவை படம் வந்தது, ஆனால் எல்லாம் இழுத்துவிட்ட ரப்பர்போல நீண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் திருத்தினான். சரியாகிவிட்டது. தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டான்.

படம் திருத்தும் மென்பொருளைத் திறந்தான். திறந்துவிட்டதாகக் கணினி சொன்னது. திரையில் காணோம்.

மவுஸை வலப்பக்கம் நகர்த்தினான். அம்புக்குறி ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை... கதவு திறந்த வீட்டிலிருந்து நடந்து போவதுபோல வெளியே போய்விட்டது.

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தான். இரண்டு திரைகள் என்று காட்டியது. ஒன்று, அவன் முன்னால் இருப்பது. மற்றொன்று, அதற்கு வலப்பக்கம்... பெயர் தெரியாதது.

"அண்ணே, இதுல என்ன இருக்கு?" என்கிறீர்கள், இர்ஃபான். சென்னையில் ஆறு வருஷம் மென்பொருள் கம்பெனியில் இருந்தவர், கேட்கத்தான் செய்வீர்கள்.

"இல்லாத மானிட்டர இருக்குன்னு காட்டுறது ரொம்பப் பழைய பிரச்சினை அண்ணே. எங்க ஆபீஸ்லயும் வந்துச்சு. ஆஃப் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

ஜீவனும் அதையேதான் நினைத்தான். முதலில் கணினியின் பின்பக்கம் கைவிட்டுத் தடவினான். ஒரே ஒரு கேபிள். பிறகு, ஒவ்வொரு மானிட்டரும் தன் நீள அகலத்தைக் கணினிக்குச் சொல்லும் இல்லையா, அதைக் கேட்டுப் பார்த்தான். மானிட்டர் என்றால் படுத்தவாக்கில் இருக்கும். இது நின்றவாக்கில் இருந்தது. அகலம் இரண்டடி. உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு.

உங்கள் ஆபீஸில் வந்ததும் அந்த அளவுதானா, இர்ஃபான்?

சரி. ஜீவன் அந்தத் திரையை அணைத்தான். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா என்று கணினி கேட்டது. அவன் கை மவுஸில் இல்லை, கன்னத்தில் இருந்தது. 'வேண்டாம்' என்ற பொத்தான் அழுந்தியது.

மறுபடி அணைத்தான். மறுபடி கேள்வி. மறுபடி வேண்டாம். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமாக.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், இருக்கிற திரை, இல்லாத திரை இரண்டையும் சேர்த்தே கணினி படம் பிடிக்கும். அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்று இந்தப் பக்கம் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். தன் அறிவை மெச்சிக்கொண்டே விசையை அழுத்தினான்.

க்ளிக்.

படத்தின் இடப்பக்கம் அவன் திரை. வலப்பக்கம் உயரமாக, கறுப்பாக, நடுவில் அந்தக் கோட்டு. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. படம் திருத்தும் மென்பொருளில் வெறும் இடத்தைக் காட்டச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும், சாம்பலும் வெள்ளையுமாக. அவைதான் இருந்தன. கீழே ஒரு மூலையில் நாகையாவின் முகம், வெட்டி எடுத்து வைத்தபடி.

டத்தோ பாதியில் விட்ட வேலை. ஜீவன் சத்தமாகவே சிரித்தான். அந்த ஜன்னலை இந்தப் பக்கம் கொண்டுவர ஒரு குறுக்கு விசை உண்டு. அழுத்தினான். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இன்னொரு ஸ்கிரீன்ஷாட்.

நாகையாவின் முகம் மூலையில் இல்லை. கோட்டின் மார்புப் பக்கம் ஏறியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது... அந்தக் கோட்டுப் படம் மார்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே எதுவும் கிடையாது. டத்தோவுக்காக எத்தனையோ தடவை அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்தவன் அவன், அவனுக்குத் தெரியும். இப்போது அது இடுப்புவரை இருந்தது. கைகள் இருந்தன. சட்டைக் கையின் நுனியில் விரல்கள் இருந்தன.

நீங்களாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பீர்கள். ஜீவன் கன்சல்டன்ட். மூன்றாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தான்.

அந்தக் கைகள் நாகையாவின் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்தன. கடையில் தொப்பியை எடுத்து, போட்டுப் பார்க்கப் போகிறவர் பிடிப்பாரே... அப்படி.

அப்போதுதான் வாசம் வந்தது. மை வாசம் இல்லை. அந்துருண்டை. பீரோவில் வருஷக்கணக்காகத் தொங்கின கம்பளித் துணியின் வாசம். வலப்பக்கமிருந்து. கூடவே ஒரு சத்தம்... பொத்தான் மேசை விளிம்பில் படுகிற சத்தம். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக்.

ஜீவன் வலப்பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே டத்தோவுக்குப் போன் போட்டான்.

"டத்தோ, அந்தக் கோட்டு யாருது?"

"எந்தக் கோட்டு?"

"எல்லாருக்கும் மாட்டுறீங்களே. அது."

போனில் காரின் ஏசி இரைச்சல் குறைந்தது.

"அது வந்து... கட தொறந்த புதுசுல ஒரு ஆர்டர் தம்பி. ஒருத்தர் செத்துட்டாருன்னு படம் குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் யாரும் வந்து கேக்கல. கோட்டு நல்ல கோட்டு. வேஸ்ட் பண்ணக்கூடாதுல்ல."

"அவரு தல?"

"டிலீட் பண்ணிட்டேன் லா. அத வெச்சு நான் என்ன பண்றது?"

"அவரு பேரு என்ன டத்தோ?"

"பேரா?" டத்தோ நிஜமாகவே யோசித்தார். "சாகும்போது நல்லா டிரெஸ் பண்ணியிருந்த ஆளு. அவ்வளவுதான் ஞாபகம்."

பேசிக்கொண்டே ஜீவன் கோப்புகள் இருக்கிற இடத்தைத் திறந்தான். நாகையாவின் மூலப் படம், ஸ்கேன் செய்தது, சின்னதாகத் தெரிந்தது. நீலச் சட்டை அப்படியே இருந்தது. போடாத பொத்தான் இருந்தது. தாடையில் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்கள். சாம்பல், வெள்ளை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை உதட்டுக்கு ஏறின.

போனை வைத்துவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் பீற்றிக்கொண்டதில் ஒரு விஷயம் உண்மை. லினக்ஸில் இந்த ஜன்னல், படம், அம்புக்குறி எல்லாம் மேல்பூச்சு. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் போய், கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கும். அங்கே படம் கிடையாது. படம் இல்லாத இடத்தில் இரண்டாவது திரையும் கிடையாது. முகம் அழிவதும் அந்தத் திரையில்தான், உள்ளே கிடக்கும் கோப்பில் இல்லை.

அழுத்தினான். கறுப்பு.

தன் கடவுச்சொல்லைத் தானே தப்பாக அடித்தான். மறுபடியும் தப்பு. பிறகு உள்ளே விட்டது. தம்ப் டிரைவைச் செருகி, மூலப் படத்தை அதற்கு மாற்றச் சொல்லி எழுதினான். பெரிய கோப்பு. வெள்ளைக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. அது மினுக்குவதைத் தவிர அந்த அறையில் எதுவும் அசையவில்லை... அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாற்காலியின் சக்கரம் ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டது. கொஞ்சம்தான். நிறுத்தி, மறுபடி கொஞ்சம். அந்துருண்டை வாசம் இப்போது மூக்குக்குள்ளேயே இருந்தது.

கோப்பு ஏறி முடிந்தது. தம்ப் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தபடி, நண்டுபோல நடந்து வெளியே வந்தான்.

டத்தோ கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"ஆயிருச்சா?"

"எங்க படத்த எடுத்துக்கிட்டேன். டத்தோ... இன்னிக்கு உள்ள போகாதீங்க. அந்தக் கோட்டு ஃபைல மட்டும் தொறக்காதீங்க."

"என் பொறந்தநாள் பேனர் காலைல பிரிண்டுக்குப் போகணும் தம்பி. முந்நூறு பேருக்கு டின்னர்." டத்தோ இறங்கி, தன் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி பண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க, கன்சல்டன்ட். கோட்டுமேல ஏன் பழி போடுறீங்க?"

உள்ளே போய்விட்டார்.

ஜீவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். டத்தோ கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். திரை வெளிச்சம் அவர் இடது கன்னத்தில் விழுந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அதற்கு வலப்பக்கம், காலியான மேசையின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் தூக்கி டை முடிச்சைச் சரிசெய்தார்... கண்ணாடி முன்னால் நின்று செய்வதுபோல. பிறகு தாடையை லேசாக உயர்த்திக் கொடுத்தார். அளவெடுக்கிற தையல்காரருக்குக் கொடுப்பதுபோல.

கிள்ளான் டவுனுக்கு வரும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையம். நல்ல வெளிச்சம். தம்ப் டிரைவைக் கைப்பேசியில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு படத்தைத் திறந்தான். நாகையா இருந்தார். தாடை, உதடு, மூக்கு, நேராகப் பார்க்கிற கண். எல்லாம். ஜீவன் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். அழுததாக அவன் சொல்வதில்லை. பூச்சி விழுந்தது என்கிறான்.

விடிந்ததும் சுங்கை வேயில் ஒரு கடையைத் தட்டி எழுப்பிப் படம் அச்சடித்தார்கள். நீலச் சட்டையோடே.

"கோட்டு எங்க மச்சான்? டத்தோகிட்ட சொல்லிட்டு வந்தேனே" என்றான் ரமணி.

ஜீவன் படத்தை மாமியாரிடம் நீட்டினான். ரோகிணி படத்தை வாங்கி, முகத்தை முந்தானையால் துடைத்து, "இவருதான்" என்றார். விளக்கேற்றினார்கள். எடுத்தார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை.

ஜீவன் இன்றைக்கும் லினக்ஸ்தான். ஆனால் அவன் வீட்டுக் கணினியில் படமே கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஏன் என்று கேட்டால், "படமெல்லாம் புதுசா கத்துக்கிறவங்களுக்கு மச்சான். இதுதான் சுத்தமான லினக்ஸ்" என்பான். கேட்பவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள்.

டத்தோவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறார். பிறந்தநாள் விருந்து நடந்தது. முந்நூறு பேர், நாதஸ்வரம், ஆறடுக்குக் கேக். ரமணியும் போயிருந்தான். மேடையில் டத்தோ கோட்டு போட்டு நின்றார், பக்கத்தில் மனைவி, ஓரத்தில் அறிவிப்பாளர். ஒரு படம் எடுக்கலாம் என்று ரமணி கைப்பேசியைத் தூக்கினான்.

முகம் எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றிக் கைப்பேசி ஒரு மஞ்சள் கட்டம் போடும், தெரியும்தானே. டத்தோவின் மனைவி முகத்தில் கட்டம் விழுந்தது. அறிவிப்பாளர் முகத்தில் விழுந்தது. நடுவில் டத்தோ, முழு வெளிச்சத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்மேல் கட்டம் விழவில்லை. ரமணி லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். விழவில்லை.

மூன்றாவது கட்டம் டத்தோவுக்கு ஓரடி தள்ளி இருந்தது. யாரும் நிற்காத இடத்தில்.

ரமணி கைப்பேசியை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தான். பின்னால் தொங்கும் வெல்வெட் திரைச்சீலை. அவ்வளவுதான். மறுபடி தூக்கினான். அந்தக் கட்டம் இப்போது மேடையில் இல்லை. படிக்கட்டில் இருந்தது. அப்புறம் முதல் வரிசை நாற்காலிகளின் மேலே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் தலையைத் திருப்பவில்லை.

முகம் கிட்ட வந்தால்தான் கட்டம் பெரிதாகும்.

அது பெரிதாகிக்கொண்டே வந்தது.